பல் டாக்டர் லாரி வாங்கினார்

பல் டாக்டரைக் கண்டால் அந்தத் தெருவே வாயை மூடிக்கொள்ளும். அவர் மேல் யாருக்கும் கோபமில்லை. எதிரே வந்தால் நின்று நலம் விசாரிப்பார்கள், மழை வருமா என்று பேசுவார்கள். ஆனால் அத்தனையையும் உதட்டை முக்கால்வாசி மூடிக்கொண்டே பேசி முடித்துவிடுவார்கள். வாய்விட்டுச் சிரித்தால் பல் தெரியும். பல் தெரிந்தால் டாக்டர் பார்ப்பார். பார்த்தால், "ஒருநாள் கிளினிக் பக்கம் வந்துட்டுப் போங்களேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே பேக்கரிக்காரர் அவர் தலையைக் கண்டதும் மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். டாக்டரும் பாவம், பார்க்கக் கூடாதென்றுதான் நினைப்பார். இத்தனை வருஷப் பழக்கம், கண் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

தெரு மூடிக்கொண்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேத்தி மூடிக்கொண்டதுதான் அவரைப் போட்டு வதைத்தது.

பேத்திக்கு ஐந்து வயது. உருண்டையாக இருப்பாள் என்பதால் வீட்டில் பட்டாணி என்று பெயர். டாக்டரின் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை அழைத்துக்கொண்டு வருவாள். போன வருஷம் பட்டாணியின் பால்பல் ஒன்று சொத்தையாகிவிட்டது. வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லாமல் தாத்தாவே உட்காரவைத்து அடைத்தார். வேலை அருமையாக வந்தது. அன்றிலிருந்து அவள் தாத்தாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் அளப்பவள், தாத்தா உள்ளே நுழைந்தால் உதடுகளை உள்பக்கமாக மடித்து இறுக்கிக்கொள்வாள். பொம்மை கொடுத்தால் வேண்டாம் என்பதில்லை. மரியாதையாக வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் விளையாடுவாள். டிரில் சத்தத்துக்குக் குழந்தை பயந்துவிட்டது, போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகப்போக அவருக்குத் தூக்கம் போனதே தவிர வேறொன்றும் சரியாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை லாரி வந்து வாசலில் நின்றது. பட்டாணி கேட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தாள். பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்ற டாக்டருக்கு, அத்தனை நாளுக்கப்புறம் பேத்தியின் பற்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. தான் அடைத்த பல் கெட்டியாக இருப்பதையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் ஒரு பொம்மை லாரி வாங்கியிருப்பார்கள். டாக்டர் யோசித்தார். பொம்மை லாரியைத் தூக்கிக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாத லாரியாக இருந்தால்தான் தாத்தா பக்கத்தில் நின்று விளையாட வேண்டியிருக்கும். படித்த மனிதர், யோசனையில் ஓட்டையே இல்லை. அந்த மாதமே, ராணுவத்தில் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், யாரும் கேட்காத, பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய லாரியைக் கேட்டு வாங்கிவிட்டார்.

லாரி கிரேனில் தொங்கிக்கொண்டு வந்தது. நாலு டயரும் காற்றில்லாமல், கதவு ஒன்று கயிற்றில் ஆடிக்கொண்டு, முகப்பு விளக்குகள் இருந்த இடத்தில் குருவிக்கூட்டோடு வந்து, கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த முற்றத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. டாக்டரின் மனைவி அத்தனை காலமாகத் துணி உலர்த்திவந்த இடம் அது. அவர் ஈரத்துணி வாளியோடு வாசற்படியில் நின்று லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்ன?"

"பொழுதுபோக்கு" என்றார் டாக்டர். நெஞ்சில் இருந்த காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"மத்த வீட்டுல ஆம்பளைங்க தபால்தலை சேக்கறாங்க. அதை டப்பால போட்டு மூடி வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கொடிக்கயிற்றை லாரியின் கூண்டுக் கம்பியிலேயே இழுத்துக் கட்டித் துணியை உலர்த்தினார் அந்த அம்மாள்.

ஒற்றை ஆளாக லாரியைப் புதுப்பிக்க முடியாதே, துணைக்குக் கர்னல் வந்து சேர்ந்தார். கர்னல் என்பவர் டாக்டர் மனைவியின் தம்பி. ராணுவத்துக்கு உணவுப்பொருள் போகும் கோடவுனில் உருளைக்கிழங்கு மூட்டைகளை எண்ணி அனுப்பும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கப்புறம் மீசை வளர்ந்தது, மீசையோடு பதவியும் வளர்ந்தது. தெருவில் கேலியாகக் கர்னல் என்று கூப்பிடப் போக, அவர் அதை வெகு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"அத்தான், இந்த வண்டியை நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"கண்ணைத் திறந்துகிட்டு சைக்கிள் ஓட்டியே நாங்க பாத்ததில்லையேடா" என்றார் அக்கா, துணியை உதறிக்கொண்டே.

வேலை ஆரம்பித்தது. டாக்டருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், லாரிக்கும் அதையே பார்த்தார். துருவைக் கண்டால் சொத்தை என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தள்ள வேண்டிய கதவைப் பல் டிரில்லால் நோண்டி நோண்டிச் சுத்தம் செய்தார். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. கார்ப்புரேட்டரின் நுண்ணிய துளைகளைப் பல் குத்தும் ஊசியால் குத்தி, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை என்ஜினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். பெயிண்ட் கடையில் பச்சை நிறத்தை மூன்றுமுறை திருப்பி அனுப்பிவிட்டார். பல்லுக்குப் பல் நிறம் சேர்த்துப் பழகிய கண்ணுக்குப் பக்கத்துத் தகடோடு ஒட்டவில்லையாம்.

"அத்தான், இது லாரி. இதை யாரும் 'ஆ' காட்டச் சொல்லப் போறதில்ல" என்று கர்னல் அலுத்துக்கொண்டார்.

காத்திருக்கும் அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது. டாக்டர் கிரீஸ் கையோடு பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வருவதை அங்கிருந்து பார்த்த பேக்கரிக்காரர், தனக்கு இப்போது வலி விட்டுவிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் துணிப் பிளாஸ்திரியில் எண் எழுதி ஒட்ட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அவர் கழற்றிக்கொண்டே எண்ணைச் சொல்லுவார், கிளினிக் நர்ஸ் பக்கத்தில் நின்று எழுதி ஒட்டுவார். நோயாளியின் வாயைப் பார்த்து அவர் சொல்ல, நர்ஸ் குறித்துக்கொள்வது அவர்களுக்குள் தினப்படி வேலைதானே. நாக்கும் கையும் அதுபாட்டுக்கு ஓடின.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாணி ஜன்னலில் நின்று லாரியைப் பார்த்தாள். கதவு பச்சையானபோது வாசற்படிக்கு வந்தாள். டயர்களுக்குக் காற்றடித்து லாரி எழுந்து நின்றபோது முற்றத்தின் பாதிவரை வந்தாள். டாக்டர் திரும்பிப் பார்த்தால் உதடு மடங்கிவிடும் என்று, கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பாமலே வேலை பார்த்தார்.

கடைசியில் என்ஜினைக் கிளப்பிப் பார்க்கும் நாள் வந்தது, அதுவும் ஒரு ஞாயிறு. பிளக்குகளுக்குப் போகும் ஆறு ஒயர்களை மாட்டுவது ஒன்றுதான் பாக்கி. டாக்டர் ஒயரைக் கையில் எடுத்த நேரம் பார்த்துக் கன்னம் வீங்கிய ஒருத்தர் அலறிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்க போங்க அத்தான், நான் மாட்டறேன். நம்பர்தான் ஒட்டியிருக்கே" என்றார் கர்னல்.

டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது லாரி தயாராக நின்றது. மகளும் மனைவியும் வாசற்படியில். பட்டாணி, நம்பவே முடியவில்லை, லாரியின் முன் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

லாரி இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு பின்னாலிருந்து ஒரு வெடி வெடித்தது பாருங்கள், மரத்துக் காக்கை அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பியது. தொடர்ந்து முன்னாலிருந்து இன்னொன்று. கரும்புகை கொடித் துணிகள் மேல் ஒழுங்காகப் படிந்தது. முதல் வெடிக்கே கர்னல் தரையில் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் யாரோ ஏதோ பாத்திரத்தைப் போட்டு உடைத்தார்கள்.

புகை விலகியபோது சக்கரத்துக்குப் பக்கத்தில் பட்டாணி இல்லை. வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டவளை அவள் அம்மா சாயங்காலம்தான் வெளியே எடுக்க முடிந்தது. கிளம்பும்போது தாத்தாவைக் கடந்து போனாள். உதடு மடிந்திருந்தது.

டாக்டர் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். இருந்த பயம் போதாதென்று இப்போது பீரங்கியும் வாங்கிவைத்து வெடித்துக் காட்டியாகிவிட்டது. "வித்துடறேன்" என்றார் மனைவியிடம். கரிபிடித்த துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டிருந்த அந்த அம்மாள், திட்டுவதற்காகத் திறந்த வாயை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அவளுக்காகத்தான் வாங்கினீங்களா?" என்றார்.

டாக்டர் தலையாட்டினார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ரெண்டு ஆணி அடிச்சிருப்பேனே" என்று சொல்லிவிட்டு வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தெருவிலிருந்து புகார் போய், இரண்டு நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஜானுபாகுவான மனிதர். உதட்டைப் பிரிக்காமலே, "குண்டு வெடிச்சுதாமே?" என்று கேட்டார். கேட்கும்போதே கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று. டாக்டரின் கண்ணும் அங்கேயே போயிற்று.

"எத்தனை நாளா வலிக்குது?"

"நான் விசாரணைக்கு வந்திருக்கேன்."

"உக்காந்துகிட்டே விசாரிக்கலாம், வாங்க" என்று டாக்டர் அவரை நாற்காலிக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார். ஊசி போட்டாயிற்று, இன்ஸ்பெக்டரின் வாயில் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் வைத்தாயிற்று. டாக்டர் பல்பல்லாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போக, நர்ஸ் குறித்துக்கொண்டே வந்தார்.

"பதிமூணு, நல்லாயிருக்கு. பன்னெண்டு, லேசா தேய்ஞ்சிருக்கு. பதினொண்ணு..."

அப்படியே நின்றுவிட்டார்.

பல் டாக்டர்கள் ஓரத்திலிருந்து எண்ண மாட்டார்கள். முன்பல் இரண்டுக்கும் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் வெளிப்புறமாக எண்ணிக்கொண்டு போவார்கள். ஒரு பக்கம் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. மறுபக்கம் இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. லாரியில் ஆறு பிளக் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அவருடைய நாக்கு அதை மேல்வரிசை முன்பற்கள் ஆறு என்று முடிவுகட்டி, அதேபோல நடுவிலிருந்து எண்ணிச் சொல்லியிருக்கிறது. நர்ஸும் கண்ணை மூடிக்கொண்டு எழுதி ஒட்டியிருக்கிறார். கோடவுன் கர்னலுக்கு நடுவிலிருந்து எண்ணும் வழக்கமெல்லாம் தெரியாது. வாசலிலிருந்து மூட்டையை எண்ணுவதுபோல, முன்னாலிருந்து சின்ன எண்ணை முதலில் வைத்து மாட்டிக்கொண்டே போயிருப்பார். மூன்றாவது பிளக்கின் ஒயர் முதலாவதற்கும், முதலாவதன் ஒயர் மூன்றாவதற்கும் போயிருக்கும். நெருப்பு ஒரு நேரம், பெட்ரோல் ஒரு நேரம். பின்னே வெடிக்காமல் என்ன செய்யும்?

"பதினொண்ணு!" என்று கத்திக்கொண்டு டாக்டர் ஓடினார். நர்ஸ் பின்னால் ஓடினார். தன் பல்லுக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று நினைத்து, கழுத்தில் கட்டிய துணியும் வாயில் பஞ்சுமாக இன்ஸ்பெக்டரும் ஓடினார்.

பானெட்டைத் திறந்து பார்த்தால், நினைத்தது நினைத்தபடியே இருந்தது. டாக்டர் இரண்டு ஒயர்களைக் கழற்றி மாற்றி மாட்டினார். விஷயம் கேள்விப்பட்டு வந்த கர்னல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எங்க ராணுவத்துல எல்லாம் ஒண்ணுலேந்துதான் எண்ணுவோம்" என்றார்.

"உருளைக்கிழங்கைத்தானே?" என்றார் அக்கா.

உடனே கிளப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டருக்குக் கை பரபரத்தது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டித் தடுத்தார். பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் எழுதித்தான் காட்டினார்: ஞாயிற்றுக்கிழமை, அவர் முன்னிலையில், தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. அதுவரை சாவி அவர் பாக்கெட்டில்.

ஞாயிறு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். பேக்கரிக்காரர் முதற்கொண்டு தெரு முழுக்கச் சுவரோரமாக, தூரமாக, வந்து நின்றது. கர்னல் பாதுகாப்பைக் கவனிப்பதாகச் சொல்லி எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். பட்டாணி அம்மாவின் பின்னால், வாசற்படியில். உதடு மடிந்து இருந்தது.

"வா செல்லம், இன்னைக்கு வெடிக்காது" என்றாள் அவள் அம்மா.

"வெடிக்கவே வெடிக்காதும்மா" என்றார் நர்ஸ்.

"நான் இருக்கேன், எப்படி வெடிக்கும்?" என்று தூரத்திலிருந்து கர்னலின் குரல் வந்தது.

பட்டாணி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தாத்தாவைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவரிடம் வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்லுங்க. வெடிக்குமா?"

'வெடிக்காதுடா கண்ணு' என்பது டாக்டரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தினமும் நாற்காலியில் உட்காருகிற எல்லாரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில்தான் அதுவும் வரப்பார்த்தது. அதற்குள் அவளே சொன்னாள்.

"அன்னைக்கு வலிக்காதுன்னு சொன்னீங்க. வலிச்சுது."

டாக்டருக்கு முகம் சூடாகிவிட்டது. டிரில்லும் காரணமில்லை, அதன் சத்தமும் காரணமில்லை. இத்தனை மாதமும் குழந்தை பயந்துகொண்டிருக்கவில்லை, அவர் மேல் கோபமாக இருந்திருக்கிறாள். அதுவும் நியாயமான கோபம். அவர் வாசற்படிக்குக் கீழே, கிரீஸ் படிந்த தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஆமா. பொய் சொன்னேன்."

"ஏன்?"

"வலிக்கும்னு சொன்னா நீ வாயைத் திறக்க மாட்டேன்னு நினைச்சேன்."

"திறந்திருப்பேன்" என்றாள் பட்டாணி. சுற்றி நின்ற பெரியவர்களில் பலர் தரையைப் பார்த்தார்கள். "இது வெடிக்குமா?"

டாக்டர் லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒயரை மாத்தி மாட்டியிருக்கேன். சரியா வரும்னுதான் நினைக்கிறேன். ஆனா எனக்கு லாரி வைத்தியம் தெரியாது. வெடிச்சாலும் வெடிக்கும். எனக்கே பயமாத்தான் இருக்கு."

பட்டாணி கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் காதை நன்றாகப் பொத்திக்கொண்டாள்.

"பொத்திட்டேன். தூக்குங்க" என்றாள்.

அவர் தூக்கினார். ஒரு வருஷத்தில் எவ்வளவு கனத்துவிட்டாள் என்று கைக்குத்தான் தெரிந்தது. முன்சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, இன்ஸ்பெக்டரிடம் சாவியை வாங்கி, ஸ்டார்ட்டரை அழுத்தினார். லாரி ஒருமுறை இருமியது. தெரு மொத்தமும் குனிந்தது. அவ்வளவுதான், அப்புறம் கரகரவென்று பிடித்துக்கொண்டு, சீட்டும் கதவும் கண்ணாடியும் நடுங்க, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

பட்டாணி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"வெடிக்கலையே!" என்று ஏமாற்றத்தோடு சொன்னவள், சீட்டோடு சேர்ந்து தன் கன்னமும் குலுங்குவதைக் கண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, அடித்தொண்டை தெரியச் சிரித்தாள். டாக்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கப் பார்வை உள்ளே போயிற்று. கீழ்வரிசையில், கடைசிக்கு முந்தைய பல்லில், நின்றது.

"என்ன பாக்கறீங்க தாத்தா?"

'ஒண்ணுமில்ல' என்று சொல்லத்தான் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"கீழ்ப்பல்லுல ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது."

"சொத்தையா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

"அடைச்சா வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நேரம்."

பட்டாணி நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்து யோசித்தாள். அப்புறம் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"சரி. லாரிலயே போலாம்" என்றாள்.

கிளினிக்கின் கதவு லாரிக்கு நேர்பக்கத்தில், இறங்கினால் கை எட்டும் தூரத்தில் இருந்தது. டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் கியரைப் போட்டு, கேட்டைத் தாண்டி, தெருவைச் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வரக் கிளம்பினார்.